வாசல்வரை வந்த கொடி: சாட்ஸ்வர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றில் நடந்த படை மரியாதை குறித்த நிகழ்வு ஆய்வு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை அடுத்த சாட்ஸ்வர்த்தில், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், எழுபத்திரண்டு வயதான முன்னாள் படைவீரர் ஒருவர் தம் வீட்டிலேயே காலமானார். சைவத் தமிழ்க் கிரியைகளும் தென்னாப்பிரிக்கத் தேசியப் பாதுகாப்புப் படையின் மரியாதையும் ஒரே நாளில், ஒரே உடலுக்கு, ஒன்றைப் பற்றி மற்றொன்று அறியாத இரண்டு குழுவினரால் செய்யப்பட வேண்டியிருந்தன. எங்கள் வட்டாரக் கோயிலின் இறுதிச் சடங்கு உதவிக் குழுவில் நெடுங்காலமாகப் பணி செய்பவன் என்ற முறையில் நான் அந்த நான்கு நாள்களும் அக்குடும்பத்தோடு இருந்தேன். நேரில் பார்த்ததையும், பின்னர் குடும்பத்தாரிடமும் மரியாதைக் குழுவுக்குப் பொறுப்பேற்றிருந்த அதிகாரியிடமும் கேட்டறிந்ததையும் இங்கே பதிவு செய்கிறேன். குடும்பத்தாரின் விருப்பப்படி பெயர்கள் எதுவும் இதில் இல்லை.

முதல் நாள் குடும்பத்தார் எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணியது வானில் பறக்கும் விமான அணியை. அது நடக்கவேயில்லை. மடித்த கொடி யார் கையில், எந்த இடத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை அன்று யாருமே எண்ணிப் பார்க்கவில்லை. அந்தக் கேள்விதான் கடைசியில் அந்த நாளையே தாங்கி நின்றது. இப்படி நேர்ந்தது ஏன் என்பதையே இந்த ஆய்வு பார்க்கிறது.

இறந்தவர்

அவருடைய பெற்றோர் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவர்கள். இனவாரியாக வசிப்பிடங்களைப் பிரித்த 1950ஆம் ஆண்டின் குடியிருப்புப் பகுதிச் சட்டம் இந்தியர்களை அங்கிருந்து கிளப்பியபோது, அறுபதுகளில் புதிதாகக் கட்டப்பட்ட சாட்ஸ்வர்த்துக்கு வந்து சேர்ந்தார்கள். மகன் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், தொழிற்சங்கத்தில் ஈடுபட்டார், திருமணம் செய்துகொண்டார். எழுபதுகளின் பிற்பகுதியில் ஓர் இரவு, மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, கைக்குழந்தையையும் விட்டுவிட்டு எல்லை கடந்தார். 1961 டிசம்பர் 16 அன்று தொடங்கப்பட்ட உம்கொண்டோ வெ சிஸ்வேயில், அதாவது ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசின் ஆயுதப் பிரிவில், அங்கோலாவில் பயிற்சி பெற்றார். 1991இல் திரும்பினார். 1994இல் பழைய நிறவெறி அரசின் படையும் விடுதலைப் படைகளும், அந்த அரசு கறுப்பினத்தவருக்கென ஒதுக்கிய தாயகப் பகுதிகள் எனப்பட்டவற்றின் படைகளும் ஒன்றிணைக்கப்பட்டுப் புதிய தேசியப் பாதுகாப்புப் படை உருவானபோது அதில் சேர்ந்து, வாரண்ட் அதிகாரியாக ஓய்வு பெற்றார்.

இவருடைய தந்தையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். அவரும் படைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போரில் தென்னாப்பிரிக்க இந்தியர்கள் ஆயுதம் ஏந்த அனுமதிக்கப்படவில்லை. இந்திய, மலாய்ப் படைப்பிரிவு என்ற துணைப்பிரிவில் வண்டியோட்டிகளாகவும், அடிபட்டவர்களைத் தூக்கிச் செல்வோராகவும், சமையற்காரர்களாகவும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அவர் வட ஆப்பிரிக்காவில் லாரி ஓட்டினார். 1942 ஜூன் 21 அன்று லிபியத் துறைமுக நகரான டோப்ருக் வீழ்ந்தபோது பிடிபட்ட முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களில் ஒருவரானார். 1983இல் இறந்தார். அவருடைய பெட்டியின்மேல் கொடி இல்லை, பியூகிள் என்னும் ஊதுகொம்பின் ஒலி இல்லை, சீருடையணிந்த ஒருவரும் வரவில்லை. மரியாதை கேட்கலாம் என்பதே அந்த வீட்டில் எவருக்கும் தோன்றவில்லை என்று அவருடைய மருமகள், அதாவது இப்போது கணவரை இழந்திருந்த பெண்மணி, என்னிடம் சொன்னார். டோப்ருக்கில் பிடிபட்ட நிலையிலேயே எதிரியின் கப்பலை வெடி வைத்து மூழ்கடித்து, ராணுவப் பதக்கமும் பெற்ற ஜோப் மசேக்கோ 1952இல் இறந்தபோது, கடன் வாங்கிய பணத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டார். பதக்கம் பெற்ற வீரருக்கே அந்த நிலை என்றால், லாரி ஓட்டிய ஒரு தமிழருக்கு எதுவும் கிடைக்காததில் வியப்பில்லை. ஆனால் அந்த வீட்டார் அதை மறக்கவில்லை. தந்தைக்குக் கிடைக்காதது மகனுக்காவது முழுமையாகக் கிடைக்க வேண்டும் என்ற வேகம் பேரன்களின் ஒவ்வொரு கோரிக்கையிலும் தெரிந்தது.

கேட்டது என்ன, உரியது என்ன

செவ்வாய் மாலை மகன்கள் இருவரும் என்னிடம் மூன்றைக் கேட்டார்கள்: பீரங்கி வண்டியில் ஊர்வலம், 21 குண்டு மரியாதை, தலைக்கு மேலே விமான அணி. 2013 டிசம்பர் 15 அன்று குனு கிராமத்தில் நெல்சன் மண்டேலாவின் உடல் அடக்கம் செய்யப்பட்டபோது இந்த மூன்றையும் தொலைக்காட்சியில் அவர்கள் பார்த்திருந்தார்கள். தங்கள் தந்தையும் அதே படையின் ஆள்தானே என்பது அவர்களுடைய வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் மரியாதைகளுக்கு உள்ள படிநிலையை அது கணக்கில் கொள்ளவில்லை.

21 குண்டு மரியாதை பீரங்கிகளால் செய்யப்படுவது, நாட்டின் தலைமைப் பதவிக்கு உரியது. படைவீரர் ஒருவருக்கு உரியது துப்பாக்கி அணியினர் வானை நோக்கி மூன்று முறை சுடும் வேட்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவது எங்கும் காணப்படும் குழப்பம். தென்னாப்பிரிக்காவில் அரசு அறிவிக்கும் இறுதிச் சடங்குகளுக்கும் தனித்தனி வகைகள் உண்டு: குடியரசுத் தலைவர் நிலையிலிருந்தவர்களுக்கான அரசு இறுதிச் சடங்கு, அதற்கடுத்த அதிகாரபூர்வச் சடங்கு, சிறப்பு அதிகாரபூர்வச் சடங்கு, மாகாண அளவிலான சடங்குகள் என அவை இறங்கி வரும். சிறப்பு அதிகாரபூர்வச் சடங்கின் முதல் வகையில் படையின் மரியாதையும், இரண்டாம் வகையில் காவல்துறையின் மரியாதையும் இடம்பெறும். இவை எல்லாமே குடியரசுத் தலைவர் அறிவித்தால்தான் உண்டு. எங்கள் முதியவர் இந்த வகைகள் எதிலும் வரவில்லை. அவருக்கு உரியது, ஓய்வு பெற்ற ஒரு படைவீரருக்கான மரியாதை: பெட்டியின்மேல் தேசியக் கொடி, சீருடையணிந்த தோள்கொடுப்போர், பியூகிளில் லாஸ்ட் போஸ்ட் என்னும் இறுதி வணக்க இசை, ஆள் கிடைத்தால் மூன்று வேட்டு, இறுதியில் கொடியை மடித்துக் குடும்பத்திடம் ஒப்படைத்தல். 2011ஆம் ஆண்டின் முன்னாள் படைவீரர் சட்டம் இறுதிச் சடங்கு உதவியையும் நலன்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. உலகப் போர்க்காலத்துத் தென்னாப்பிரிக்க யூனியன் படை, பழைய அரசின் படை, விடுதலைப் படைகள் ஆகிய எல்லாவற்றிலும் இருந்தவர்களை ஒரே சொல்லால் முன்னாள் படைவீரர் என்று வரையறுப்பதும் இந்தச் சட்டம்தான். ஒருவரையொருவர் வேட்டையாடிய படைகளைச் சேர்ந்தவர்கள் ஒரே கொடியின்கீழ் எரியூட்டப்படுவதற்கு அதுவே வழி செய்தது.

விமான அணி

இந்தக் கோரிக்கையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் மூத்த மகன் இதை விட்டுக்கொடுக்க மிகவும் சிரமப்பட்டார்.

இறந்த விமானிக்காக விமானங்கள் பறப்பது முதல் உலகப் போர்க் காலத்துக்குப் பின் வளர்ந்த வழக்கம். அது இன்று பெற்றிருக்கும் வடிவத்தில் நான்கு விமானங்கள் விரல்நுனிகள்போல் ஏறுவரிசையில் வந்து, புதைகுழிக்கு மேலே வரும்போது அவற்றில் ஒன்று மட்டும் அணியை விட்டு விலகிச் செங்குத்தாக மேலெழுந்து மறையும். மற்ற மூன்றும் அந்த வெற்றிடத்தை நிரப்பாமல், இடைவெளியோடு நேரே போய்விடும். போனவரின் இடத்தை நிரப்ப எவராலும் ஆகாது என்பதை ஒரு சொல்லும் இல்லாமல் காட்டுகிற இந்த அணி பார்ப்பவர் நெஞ்சைப் பிசையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அது அடிப்படையில் விமானிகள் தங்கள் தோழனுக்குச் செய்வது. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் தகுதியுள்ள ஒவ்வொரு முன்னாள் வீரருக்கும் சட்டப்படி உரிமையாக்கப்பட்டவை, குறைந்தது இரண்டு சீருடை வீரர்களின் வருகை, கொடியை மடித்து ஒப்படைத்தல், டாப்ஸ் என்னும் பியூகிள் இசை ஆகியவைதான். அவ்வளவு விமானங்கள் வைத்திருக்கும் நாட்டிலும் விமான அணி அந்த உரிமைப் பட்டியலில் இடம்பெறவில்லை.

நடைமுறைச் சிக்கல் வேறு இருக்கிறது. 300 நாட், அதாவது மணிக்கு 555 கிலோமீட்டர் வேகத்தில் வரும் விமானம் ஒரு கிலோமீட்டரை ஏறத்தாழ ஆறரை வினாடியில் கடந்துவிடும். கீழே சடங்கு பத்து வினாடி தாமதமானால் விமானங்கள் ஒன்றரை கிலோமீட்டர் தாண்டிப் போயிருக்கும். ஆகவே தொலைவில் வட்டமிட்டுக் காத்திருக்கும் அணிக்கு, வானொலிக் கருவியோடு கீழே நிற்கும் ஒருவர், இன்னும் இத்தனை நிமிடம் என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். எங்கள் சடங்குகளில், கடைசி நேரத்தில் வந்து சேரும் பெரியம்மாவுக்காகக் கால் மணி நேரம் காத்திருப்பது சர்வ சாதாரணம். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கும் விமானத்தைப் பெரியம்மாவுக்காகக் காக்க வைக்க முடியாது.

இவை எல்லாவற்றையும்விட முதன்மையான காரணம் ஒன்று எனக்குப் பின்னரே விளங்கிற்று. விமான அணி மண்ணில் புதைக்கும் சடங்குக்காக உருவானது. பெட்டி குழிக்குள் இறங்கும் அந்த ஒரு கணத்தில் எல்லாரும் திறந்த வெளியில் நிற்கிறார்கள், கீழே பார்த்த கண்கள் மேலே உயர்கின்றன. சுடுகாட்டுத் திறந்தவெளியில் விறகு அடுக்கிய காலத்தில் நம் சடங்கிலும் அப்படி ஒரு கணம் இருந்தது. இன்று டர்பனில் தகனம் பெரும்பாலும் மூடிய கட்டடத்துக்குள் நடக்கிறது. மகன் பொத்தானை அழுத்துகிறார், இரும்புக் கதவு மூடிக்கொள்கிறது. அந்தக் கணத்தில் வானத்தை நிமிர்ந்து பார்ப்பவர் யாருமில்லை.

இதற்கிடையே ஒரு மருமகன், தனியார் சிறு விமானம் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, வீட்டுக்கு மேலே இரண்டு முறை வட்டமிடச் செய்யலாம் என்றார். பணம் அவரே தருவதாகவும் சொன்னார். அவருடைய அன்பை நான் மதிக்கிறேன். ஆயினும் அது கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னேன். படை மரியாதை என்பது படை தானாக வந்து தருவது. நாமே விலை கொடுத்து வாங்கி நம் வீட்டின்மேல் பறக்க விட்டால், கேட்காமலே போன தாத்தாவுக்கும் கேட்டு வாங்கிய அப்பாவுக்கும் நடுவே நாம் என்ன சொல்ல வருகிறோம் என்று கேட்டேன். மூத்த மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "சரிங்க மாமா, விட்டுடலாம்" என்றார்.

அதன்பின் இந்த நாட்டின் விமானப்படை எவ்வளவு இளைத்துவிட்டது என்பதையும் பார்த்தோம். 1920இல் தொடங்கிய அந்தப் படை வாங்கிய 26 கிரிபன் போர் விமானங்கள், பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் 2021 முதல் ஓராண்டுக்கு மேல் தரையிலேயே நின்றன.

பதிவில் இல்லாத பெயர்

உரிய மரியாதை எதுவென்று தெளிவானபின், அதைப் பெறுவதற்கான ஆவணங்களே இரண்டு நாள்களை விழுங்கின. படை எண் இல்லாமல் எந்த வேலையும் நகராது. ஓய்வூதியத் தாளில் இருந்த குடும்பப் பெயருக்கும் அடையாள அட்டையில் இருந்ததற்கும் ஓர் எழுத்து மாறியிருந்தது. கப்பலில் வந்த மூதாதையரின் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட காலம் முதல் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. ஒரே தகப்பனின் பிள்ளைகள் மூன்று விதமான எழுத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள்.

மற்றொரு சிக்கல் ஆழமானது. 1994 ஒருங்கிணைப்பின்போது விடுதலைப் படையினரின் பெயர்கள் சான்றளிக்கப்பட்ட ஆள் பட்டியல் ஒன்றில் பதியப்பட்டன. ஆனால் முகாம்களில் எல்லாரும் போர்ப்பெயர் என்னும் புனைபெயரோடுதான் வாழ்ந்தார்கள், வீட்டார் பிடிபட்டுவிடக் கூடாது என்பதற்காக உண்மைப் பெயரைத் தோழரிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். முதியவரின் போர்ப்பெயர் என்னவென்று மனைவிக்கும் தெரியவில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. அவர் சொன்னதில்லை, இவர்கள் கேட்டதில்லை. நாங்கள் அணுகிய அலுவலகத்தில் தொலைபேசியை ஒருவர் மற்றொருவருக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். புதன் மாலை, துக்கம் விசாரிக்க வந்த, சுலு இனத்தவரான பழைய தோழர் ஒருவர் வாசலில் நின்று, வேறொரு பெயரைச் சொல்லி அவர் வீடு இதுதானா என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகள் தம் கணவர் எந்தப் பெயரில் வாழ்ந்தார் என்பதை அந்த அம்மையார் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார். அந்தப் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலை எல்லாம் சரியாயிற்று.

நாளும் நேரமும்

இங்கே இந்துக்கள் பெரும்பாலும் ஓரிரு நாளில் தகனத்தை முடித்துவிடுவார்கள். படைக்கோ ஆள் திரட்ட நேரம் வேண்டும். சனிக்கிழமை வரலாம் என்று மரியாதைக் குழு சொன்னதும் பெரியவர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். சனிப் பிணம் தனிப் போகாது என்பது அவர்கள் நெஞ்சில் ஊறிய சொல். பெட்டியோடு ஒரு தேங்காயை வைத்தால் தோஷம் இல்லை என்று ஒருவர் பரிகாரம் சொன்னார். மறைந்தவரின் அக்காள் அதை ஏற்கவில்லை. நான் அதிகாரியிடம் இதை மூடநம்பிக்கை என்று தள்ளாமல், எங்கள் வீட்டு முறை என்று நேராகவே எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் ஊரிலும் நாள் பார்ப்பார்கள் என்றார். துப்பாக்கி அணியில் சிலரைக் குறைத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை காலைக்கே வர ஒப்புக்கொண்டார்.

சமையலறையில் போட்ட ஒழுங்கு

வியாழன் இரவு அந்த வீட்டின் சமையலறை மேசையில் அதிகாரியும், தேவாரம் ஓதிக் கிரியை செய்விக்கும் பெரியவரும், மூத்த மகனும், நானும் உட்கார்ந்து நிமிடவாரியாக ஒழுங்கு போட்டோம். என் அனுபவத்தில் இதுவே இந்த நிகழ்வில் நாங்கள் செய்த மிகச் சரியான செயல்.

முதல் சிக்கல் பூட்ஸ். விளக்கேற்றிய இடத்தில் தோல் காலணி கூடாது, சீருடையிலிருக்கும் வீரர் பூட்ஸைக் கழற்றவும் கூடாது. இரண்டும் விதி, இரண்டுக்கும் பொருள் உண்டு. விளக்கின் அருகிலிருந்து வெளி வாசல்வரை மகன்களும் பங்காளிகளும் வெறுங்காலோடு தூக்கி வருவது, வாசலில் வீரர்கள் தோள் மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்தோம். கால் முன்னாக எடுத்துச் செல்வது இரண்டு முறையிலும் ஒன்றாகவே இருந்ததில் கிரியைப் பெரியவர் மனம் நிறைந்தார்.

அடுத்தது கொடி. வாய்க்கரிசி இடவும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துச் சுற்றி வரவும் பெட்டி திறந்திருக்க வேண்டும். சந்தனமும் நெய்யும் எண்ணெயும் புழங்கும் இடத்தில் தேசியக் கொடியை விரிக்க முடியாது. எனவே கிரியை முழுவதும் முடிந்து பெட்டி மூடியபின், வாசலில் தோள் மாறும் இடத்தில், கொடியைப் போர்த்தலாம் என்றார் அதிகாரி. தகன அறைக்குள் பெட்டி போகுமுன் கொடி எடுக்கப்பட்டுவிடும், கொடியோடு சேர்த்து எரியூட்டும் வழக்கம் இல்லை என்பதையும் விளக்கினார். மாலைகள் கொடியின்மேல் வைக்கப்படாமல் தனியே வண்டியில் போகும் என்பதை மட்டும் பெண்களிடம் முன்பே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அதை நாங்கள் சொல்லத் தவறினோம்.

மூன்றாவது, வேட்டு. தகனக் கூடத்தைச் சுற்றிலும் குடியிருப்புகள். வெற்றுத் தோட்டா என்றாலும் ஓசை அதே ஓசைதான். காவல் நிலையத்துக்கும் அண்டை வீடுகளுக்கும் அறிவிக்கும் பொறுப்பை எங்கள் குழு ஏற்றது. நீர்க்குடத்தைத் தோளில் தாங்கி மூத்த மகன் மூன்று சுற்று வர, சுற்றுக்கு ஒன்றாகக் குடத்தில் மூன்று துளை இட்டு, மூன்றாம் சுற்றின் முடிவில் பின்புறமாகப் போட்டுடைக்கும் நம் வழக்கத்தைக் கேட்ட அதிகாரி, மூன்று வேட்டையும் அதனோடு சேர்க்கலாமா என்று தாமே கேட்டார். பெரியவர் சற்று யோசித்து, சேர்க்க வேண்டாம், குடம் உடையும் ஓசை காதில் விழ வேண்டும் என்றார். குடம் முதலில், நீர் ஓடி முடியும்வரை அமைதி, அதன்பின் வேட்டு, அதன்பின் பியூகிள் என்று எழுதிக்கொண்டோம்.

கடைசியாக அதிகாரி, கொடியை யாரிடம் தருவது என்று கேட்டார். மனைவிதானே முதல் உறவு என்றார். அப்போதுதான் எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இன்று டர்பனில் பெண்கள் பலரும் தகனக் கூடத்துக்கு வருகிறார்கள். ஆனால் இந்த அம்மையார் பழைய முறைப்படி வாசலோடு நின்றுவிடுவதாகச் சொல்லியிருந்தார். மூத்த மகன் வாங்கிக்கொள்ளட்டும் என்றோம். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார், ஆனால் பேனாவை மூடாமல் சிறிது நேரம் அப்படியே இருந்தார். "பதினான்கு வருஷம் காத்திருந்தது அவர்தானே," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை

திட்டமிட்டபடியே பெரும்பாலானவை நடந்தன. நடக்காதவற்றையும் சொல்ல வேண்டும். வாசலில் கொடி போர்த்தியவுடன் மறைந்தவரின் அக்காள் ஓடி வந்து மாலையைக் கொடியின்மேல் வைத்துவிட்டார். வீரர்கள் அசையவில்லை, அதிகாரியும் தடுக்கவில்லை. மாலை வண்டி ஏறும்வரை அங்கேயே இருந்தது, பிறகு ஓர் இளம் வீரர் அதை இரு கைகளாலும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எங்கள் தவறை அவர்கள் பொறுத்துக்கொண்ட விதம் அது. தகனக் கூடத்தில் எங்களுக்கு முன்னிருந்த குடும்பம் தாமதித்ததால் எங்கள் நேரம் சுருங்கியது. பெரியவர் ஓதி முடிக்குமுன்னரே பியூகிள்காரருக்கு யாரோ கைகாட்டிவிட, லாஸ்ட் போஸ்டின் முதல் சுரங்களும் பதிகத்தின் கடைசி அடியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பெரியவர் நிறுத்தவில்லை, பியூகிளும் நிற்கவில்லை. எவரும் அதைக் குறையாகப் பேசவில்லை, ஆனாலும் ஒருங்கிணைப்பாளன் என்ற முறையில் அந்தப் பிழை என்னுடையது.

வேட்டின் முதல் ஓசையில் குழந்தைகள் அலறினார்கள். இரண்டாவதில் முன்வரிசையிலிருந்த சுலுத் தோழர்கள் தலை குனிந்தார்கள். மூன்றாவதற்குப் பின் வந்த அமைதி நீண்டது. போரில் மாண்டவர்களுக்காக நின்று மௌனம் காக்கும் வழக்கம் 1918 மே மாதத்தில் இதே நாட்டின் கேப் டவுன் நகரில்தான் நாள்தோறும் பின்பற்றத் தொடங்கப்பட்டது என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

கொடி மடிக்கப்பட்டது. மூத்த மகன் கை நீட்டினார். அதிகாரி தரவில்லை. வீட்டுக்கு வருகிறேன் என்று மட்டும் சொன்னார்.

தகனம் முடிந்து திரும்பியவர்களுக்காக வாசலில் வழக்கம்போல் வாளியில் தண்ணீரும் மஞ்சளும் வைத்திருந்தார்கள். அதிகாரி தம் வண்டியிலிருந்து இறங்கி, இரு கைகளிலும் கொடியைத் தாங்கி, படிக்குக் கீழே வந்து நின்றார். அம்மையார் நிலைக்கு உள்ளே நின்றார். நிலைப்படியின் இந்தப் பக்கமிருந்து அவர் கொடியை நீட்டினார், அந்தப் பக்கமிருந்து இவர் வாங்கிக்கொண்டார். படையின் சார்பில் அவர் சொன்ன நன்றியை இளைய மகன் தமிழில் சொன்னார். அம்மையார் கொடியை மார்போடு அணைத்துக்கொண்டு, "காலைக் கழுவிட்டு உள்ளே வரச் சொல்லுப்பா, பிள்ளை காலையிலேர்ந்து நின்னுக்கிட்டே இருக்கு," என்றார். அதிகாரி ஒரு கணம் தயங்கினார். பிறகு படியில் உட்கார்ந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். இளைய மகன் தண்ணீர் ஊற்ற, கால் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

எதைக் கற்றோம்

அந்த இடம் எந்த விதிநூலிலும் இல்லை, எங்கள் கிரியை முறையிலும் இல்லை. ஆனால் மரியாதையின் வேலை அங்கேதான் நிறைவேறியது என்பது என் உறுதியான கருத்து. பண்டைத் தமிழர் போரில் விழுந்தவனுக்குக் கல்லைத் தேர்ந்து, நீராட்டி, நட்டு, அவன் பெயரையும் செயலையும் அதில் பொறித்தார்கள். நடுகல்லின் உயிர் அந்தப் பெயரில் இருந்தது. இந்த வீட்டில் அந்தப் பெயர் முதலில் ஒரு தோழர் வாயிலாக வந்தது, அதற்குரிய சான்று கொடியாக வாசலுக்கு வந்தது. விமான அணி வந்திருந்தாலும் அது தகனக் கூடத்துக்கு மேலே பறந்திருக்கும். வீட்டிலிருந்த அம்மையார் அதைப் பார்த்திருக்க மாட்டார்.

இந்த நிகழ்வுக்குப் பின் எங்கள் குழு தன் முறையை மாற்றிக்கொண்டது. படையில் இருந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே படை எண், பணி முடிவுச் சான்று, விடுதலைப் படையினராயின் போர்ப்பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வைக்கிறோம். இதைக் கேட்பது அபசகுனம் என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அவர்களிடம் அந்தப் புதன்கிழமையைச் சொல்கிறோம். கொடி வாங்குபவர் வீட்டில் இருந்துவிடுவாரா, கூடத்துக்கு வருவாரா என்பதை முதல் நாளே கேட்கிறோம். பியூகிள்காரருக்குக் கைகாட்டுபவர் ஒருவர் மட்டுமே, அவர் ஓதுவார் பக்கத்தில் நிற்பார்.

பதினாறாம் நாள் கருமாதியன்று இளைய மகன் ஒரு பழைய தகரப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் அவருடைய தாத்தாவின் படைச் சம்பளப் புத்தகமும், மடிப்பில் கிழிந்த விடுவிப்புச் சான்றும் இருந்தன. 1983இல் எரியூட்டப்பட்டவருக்கு இப்போது என்ன செய்ய முடியும் என்று கேட்டார். பின்னோக்கிச் செய்யும் மரியாதை எதுவும் இல்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று போர் நினைவுச் சின்னத்தருகே மாலை வைக்கும் சடங்கு இருக்கிறது. அவர் பெயரை அங்கே படிக்கச் சொல்லிக் கேட்கலாம் என்றேன். கேட்டோம், இசைந்தார்கள். படிக்கவிருந்தவர் வெள்ளைக்கார முதியவர், தாமும் ஒரு படைவீரரின் மகன். சடங்கு தொடங்குமுன் எங்களைத் தேடி வந்து, பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று கேட்டு, ஓர் அட்டையில் அசை அசையாக எழுதிக்கொண்டார். "ழ" அவருக்கு வரவில்லை. இளைய மகன் நான்கு முறை சொல்லிக் கொடுத்தார். ஐந்தாவது முறை ஒலிபெருக்கியில் ஏறத்தாழச் சரியாகவே வந்தது. சடங்கு முடிந்ததும் இளைய மகன் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அது இப்போது தகரப் பெட்டியில், விடுவிப்புச் சான்றின்மேல் இருக்கிறது.